பீட்றூட் தண்ணீர்

பயிற்சிப் பொம்மைக்கு இடுப்பு உடைந்திருந்தது.
ஆகவே என்னைப் படுக்கச் சொன்னார்கள்.
எடை சரி, உயரம் சரி,
தமிழும் பேசுவேன்; இன்றைய பாடத்தில் அதுதான் பாதி.

கன்டீன்காரர் அவித்து வடித்த பீட்றூட் தண்ணீர்
இரண்டு சேலைன் பைகளில், என் தொடைக்கு அடியில்.
திருகு என் கையில்.
தன் குருதியைத் தானே திறந்துவிடும் நோயாளி
வேறெங்கு கிடைப்பாள்?

ஒரு அட்டையும் தந்தார்கள்:
வயது இருபத்தாறு. இரண்டாவது பிரசவம்.
பிள்ளை பிறந்து நாற்பது நிமிடம்.
சிங்களம் தெரியாது.

வெளியே பொரளைச் சந்தியில் பஸ்கள் ஹோர்ன் அடித்தன.
ஆறு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள்.
ஒருத்தி மணிக்கூட்டைப் பார்த்தாள், ஒருத்தி பிரஷர் மானியை,
மற்றவர்கள் பயிற்சி அதிகாரியின் பேனாவை.
கூரையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு ஈரக்கறை.
இத்தனை வருடம் இந்த வாட்டில் நடந்தும்
அதை நான் கண்டதில்லை.

அட்டையில் இருந்தபடி சொன்னேன்:
"மிஸ், கண் இருட்டிக்கொண்டு வருது."
குளியாப்பிட்டியிலிருந்து வந்த இமேஷா
'கண்' என்ற சொல்லை மட்டும் எட்டிப் பிடித்தாள்.
நோயாளிக்குக் கண் வலி, என்று எழுதினாள்.
என் இமையை விலக்கி டோர்ச் அடித்தாள்.

கீழே நான் அரை லீற்றர் போய்விட்டிருந்தேன்.

சிரித்தோம், நானும்தான்.
முதுகுவரை ஊறிய பீட்றூட் குளிர்ந்தது.
மற்றது முதலில் சூடாக இருக்கும்.
பிறகு அதுவும் குளிரும்.

அளக்கத் தொடங்கினோம்.
துணி முழுதாய் நனைந்தால் நூறு,
கிட்னி ட்ரே நிறைந்தால் ஐநூறு,
மெத்தை குடித்ததற்குக் கணக்கில்லை.
ஆறு பேரும் கண்மதிப்பில் சொன்ன தொகை
போனதில் பாதிகூட இல்லை.
வயிற்றின்மேல் கை வை:
தேங்காய்போல இறுகியிருந்தால் நல்லது.
புளிச்ச மாப்போல அமுங்கினால்
கையை எடுக்காதே. கத்து.

மருந்து அலுமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்,
தமிழ்ச் சொற்கள், சிங்கள எழுத்தில்:
தலை சுத்துது. கண் இருட்டுது.
மூச்சு எடுக்க ஏலாது. குளிருது.
இமேஷா 'குலிருது' என்று படித்தாள்.
எங்கள் ழகரத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

வியாழன், விடியப்புறம் மூன்று மணி, மழை.
ஆறாம் கட்டிலில் நான்
அழுகிற ஒன்றை மார்போடு சேர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.
பதினொன்றில் மாளிகாவத்தை ரிஸ்மியா,
பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலம்,
யாரையும் கரைச்சல்படுத்த விரும்பாத குரலில் சொன்னாள்:
"ஒரு மாதிரியா ஈக்கிது மிஸ்."

அது தாளில் இல்லை.
தலை இல்லை, கண் இல்லை, மூச்சு இல்லை,
பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் இல்லை.

இமேஷா அலுமாரிப் பக்கம் திரும்பி,
பிறகு திரும்பாமல்,
அவள் முகத்தைப் பார்த்தாள்.
விரிப்பைத் தூக்கினாள்.
வயிற்றில் கை வைத்தாள்.

"புளிச்ச மா!"
வாட்டு முழுக்கக் கேட்கக் கத்தினாள்,
"அக்கே, புளிச்ச மா!"

நான் ஓடிப் போனபோது
அந்தக் கை அங்கேயே இருந்தது.
ஊசி ஏறியபோதும், டொக்டர் மழையோடு வந்தபோதும்,
உள்ளே அது மெல்லத் தேங்காயாகும்வரை
இருந்தது.
விரிப்பையும் சேர்த்து நிறுத்தோம். எண்ணூற்றைம்பது.

காலையில் தாளின் அடியில் எழுதினேன்:
ஒரு மாதிரியா ஈக்கிது.
எதிரே அர்த்தம் எழுத இமேஷா பேனையோடு நின்றாள்.
எந்த மாதிரி, என்று கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.
என் தாய்மொழிதான், பிறந்ததிலிருந்து பேசுகிறேன்,
தெரியவில்லை.

"எழுது," என்றேன்,
"விரிப்பைத் தூக்கிப் பார்."

பதினொன்றிலிருந்து பிளேன்டி கேட்டார்கள்,
சீனி கொஞ்சம் கூடப் போட்டு.